விசிலும் எடை மெஷினும்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்புவரை உடற்கல்விக்குப் பொதுவாக வாரம் இரண்டு பாடவேளை. கால அட்டவணையில் 'பி.இ.டி.' என்று எழுதப்படும் அந்தக் கட்டம் பிள்ளைகள் வாயில் 'பி.டி. பீரியட்'. அநேகமாக மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய கடைசி வேளைகளில்தான் அது வந்து விழும். கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் காலை நேரம், உடம்புக்கு மிச்ச நேரம். அட்டவணை போடுகிற ஆசிரியரிடம் காரணம் கேட்டால் வெயில், களைப்பு, மைதானத்தில் எழும் இரைச்சல் என்று நியாயமாகவே சொல்வார். ஆனாலும் எந்தப் பாடம் எதற்கு வழிவிட வேண்டும் என்பது அந்தக் காகிதத்திலேயே முடிவாகிவிடுகிறது.

வழிவிடுவதற்குப் பள்ளிக்கூடத்தில் வழங்கும் சொல் 'கடன்'. கணக்கு டீச்சர் பி.டி. பீரியடைக் கடன் வாங்குவார். அறிவியல் ஆசிரியர் போர்ஷன் முடியவில்லை என்று இன்னொன்றை வாங்குவார். இந்தக் கடன் திரும்பி வந்ததாக வரலாறு இல்லை. பத்தாம் வகுப்பில் திருப்புதல் தேர்வுகள் தொடங்கியதும் கடன் கேட்கும் சம்பிரதாயமும் நின்று, அந்தக் கட்டம் சிறப்பு வகுப்பாகிவிடும். விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின், பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள், முடிந்தால் உங்கள் வகுப்பை விளையாட்டுக்குக் கொடுங்கள் என்று கணக்கு, அறிவியல் ஆசிரியர்களைப் பார்த்து மேடையில் சொன்னபோது பிள்ளைகளிடமிருந்து எழுந்த கைதட்டல், இந்த வழக்கம் எவ்வளவு பரவலானது என்பதற்குப் போதுமான சாட்சி.

இந்தப் பாடத்தின் பழைய பெயர் டிரில். அதைச் சொல்லிக்கொடுத்தவர் டிரில் மாஸ்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காலனி அரசின் பள்ளிகளுக்குள் இது நுழைந்தபோது, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார்கள் பலர் டிரில் மாஸ்டர்களாக வந்தார்கள். பாதி படைப்பயிற்சி, பாதி ஐரோப்பிய ஜிம்னாஸ்டிக்ஸ் என்று கலந்த உருவம் அது. அதன் கருவிகளில் ஒன்றுக்கு விசித்திரமான கதை உண்டு. இந்திய மல்லர்கள் சுழற்றிய கர்லாக்கட்டையைப் பார்த்து வியந்த பிரிட்டிஷ் ராணுவத்தார் அதைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எடை குறைந்து, வழவழப்பேறி, 'இந்தியன் கிளப்' என்ற பெயரில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள்கூடச் சுழற்றும் பயிற்சியாயிற்று. பிறகு டம்பெல்ஸோடு சேர்ந்து மேலைநாட்டு உடற்பயிற்சியாக இந்தியப் பள்ளிகளுக்கே திரும்பி வந்தது. சிலம்பக்கூடத்திலும் தாலிம்கானாவிலும் வாத்தியாரிடம் தட்சிணை வைத்துக் கற்ற ஒன்று, பள்ளிக்கூடத்தில் 'ஒன், டூ, த்ரீ, ஃபோர்' எண்ணுக்குக் கட்டுப்பட்டது. சுதந்திர தின விழாக்களில் இன்றும் நடக்கும் டம்பெல்ஸ் டிரில், கொடி டிரில், வளைய டிரில், மனிதப் பிரமிடு எல்லாம் இந்த மரபின் கிளைகள்.

டிரில்லை உடற்கல்வியாக மாற்றும் முதல் பெரிய முயற்சி சென்னையில் நடந்தது. அமெரிக்காவிலிருந்து ஒய்.எம்.சி.ஏ. ஊழியராக வந்த ஹாரி குரோ பக், 1920-இல் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதுதான் பின்னர் அடையாற்றங்கரையில் நந்தனத்தில் இடம்பிடித்த ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்தியத் தடகள அணியோடு பொறுப்பாளராகச் சென்றவரும் அவர்தான். பக் படித்தது மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில். அங்கே 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். அருகிலுள்ள ஹோலியோக்கில் 1895-இல் வில்லியம் மார்கன் கைப்பந்தை உருவாக்கினார். இரண்டுமே ஒய்.எம்.சி.ஏ. கூடங்களில் பிறந்த ஆட்டங்கள். ராமநாதபுரத்துக் கடற்கரைக் கிராமத்துப் பள்ளியிலும் தருமபுரி மலையடிவாரப் பள்ளியிலும் இரண்டு கம்பங்களும் நடுவில் ஒரு கிழிந்த வலையும் தவறாமல் இருப்பதற்கு இந்த வம்சாவளியில் பாதி விளக்கம் இருக்கிறது. மீதி விளக்கம் செலவில் இருக்கிறது: கைப்பந்துக்குக் கொஞ்சம் இடமும் ஒரு பந்தும் போதும். சடுகுடுவும் கோகோவும் மராட்டிய உடற்பயிற்சிச் சங்கங்கள் வகுத்த விதிகளோடு பள்ளிக்குள் வந்து சேர்ந்தன. பெண்கள் பள்ளிகளில் டென்னிகாய்ட் எனும் வளையப்பந்து வேரூன்றியது. பிள்ளைகள் தெருவில் ஆடிய கிட்டிப்புள், பாண்டி, பச்சைக்குதிரை ஆகியவற்றில் எதுவும் பாடத்திட்டத்தின் பக்கம் வரவில்லை.

அதே 1920-இல், அதே நகரத்தில், இன்னொன்றும் தொடங்கியது. பிட்டி தியாகராயர் தலைவராயிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தீர்மானித்தது. தலைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. பள்ளி என்பது பிள்ளையின் வயிற்றுக்கும் பொறுப்பேற்கும் இடம் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் முதலில் எழுத்தில் ஏறியது இங்கேதான். ஒரு கூட்டம் பிள்ளையின் உடம்புக்குப் பயிற்சி கொடுக்க ஆசிரியரைத் தயாரித்துக்கொண்டிருந்தது. இன்னொரு கூட்டம் அதே உடம்புக்குச் சோறு போடக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் கவனித்த அடையாளம் இல்லை. அன்று தொடங்கிய இரண்டு தனித்தனித் தடங்களில்தான் நூறாண்டுகளாக இந்த விஷயம் ஓடுகிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு முதல் தடம் மறுபடியும் படைமுகாம் பக்கம் சாய்ந்தது. 1948-இல் என்.சி.சி. எனும் தேசிய மாணவர் படை வந்தது. இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த ஜே.கே. போன்ஸ்லே, பிரிவினையில் பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்காக 1954-இல் தேசிய ஒழுங்குத் திட்டத்தைத் தொடங்கினார். இத்தகைய திட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்ததும், அவற்றை ஒழுங்குபடுத்த எச்.என். குன்ஸ்ரு தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் விளைவு 1965-இல் வந்த தேசிய உடற்தகுதிப் படை. படை என்ற சொல் இங்கும் விடவில்லை. கோத்தாரி கல்விக் குழு 1966-இல், அரசின் உடற்கல்வித் திட்டங்கள் உடல் தகுதியை மட்டும் பார்க்கின்றன, அதன் கல்வி மதிப்பைப் பார்க்கவில்லை என்று குறை சொன்னது. நாற்பது ஆண்டு கழித்து 2005-இன் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, உடல்நலம், யோகா, உடற்கல்வி மூன்றையும் ஒரே பாடமாக்கி, பத்தாம் வகுப்புவரை கட்டாயமாக்க வேண்டும் என்றது. இரண்டு தடங்களையும் ஒன்றாக்கச் சொன்ன தெளிவான குரல் இது. கட்டாயம் என்ற சொல் காகிதத்தில் இருந்தது. தேர்வில் மதிப்பெண் இல்லை. மதிப்பெண் இல்லாத கட்டாயத்துக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன மரியாதை என்பது யாருக்கும் தெரிந்ததே.

இரண்டாம் தடம் மருத்துவத்தின் வழியில் போனது. இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதன்முதலாக மருத்துவச் சோதனை நடந்தது 1909-இல், பரோடா நகரத்தில். 1946-இன் போர் (Bhore) குழு அறிக்கை, பள்ளி நலச் சேவை என்று சொல்லிக்கொள்ளும்படி நாட்டில் ஏறக்குறைய எதுவுமே இல்லை என்றது. 1960-இல் ரேணுகா ரே தலைமையில் பள்ளி நலக் குழு அமைந்தது. தமிழ்நாட்டில் இந்தக் குழுக்களைவிட அடுப்புதான் வேகமாக வேலை செய்தது. 1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு, 1989-இல் கருணாநிதி ஆட்சியில் அதனோடு முட்டை, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த காலை உணவு என்று அது விரிந்தது. ஆட்சி மாறினாலும் தட்டை யாரும் எடுக்கவில்லை. ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றைக் கூடுதலாக வைத்தார்கள். பி.டி. பீரியடுக்கு அப்படி ஒரு போட்டி ஒருபோதும் நடந்ததில்லை.

சோற்றின் பின்னால் மாத்திரையும் சோதனையும் வந்தன. குழந்தைகள் நலத்துக்கான தேசியத் திட்டம் 2013-இல் தொடங்கியதிலிருந்து மருத்துவர், மருந்தாளுநர், செவிலியர் அடங்கிய நடமாடும் குழு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வருகிறது. பிறவிக் குறைகள், சத்துக் குறைவு, நோய்கள், வளர்ச்சித் தாமதம் என்று நான்கு வகைகளில் முப்பது நிலைகளைப் பார்ப்பது அதன் வேலை. எடை மெஷின், உயரம் அளக்கச் சுவரில் ஒட்டிய பட்டை, ஆறு மீட்டர் தள்ளி மாட்டிய எழுத்து அட்டை. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க அல்பெண்டசோல் மாத்திரை. வாரம் ஒருமுறை வளரிளம் பருவத்தினருக்கு நீல நிறத்தில் இரும்புச்சத்து மாத்திரை, சின்ன வகுப்புகளுக்கு இளஞ்சிவப்பு. 2009-இல் வந்த கண்ணொளி காப்போம் திட்டம் பார்வைக் குறையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி கொடுத்தது. கடைசி பெஞ்சில் மந்தமான பிள்ளை என்று பெயர் வாங்கியவர்களில் எத்தனை பேருக்குக் கரும்பலகையே தெரியவில்லை என்பது அப்போதுதான் பல ஆசிரியர்களுக்கு உறைத்தது. தேர்வுத்தாளில் கண்டுபிடிக்க முடியாத ஒன்றை எழுத்து அட்டை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்தது. இந்தத் தடத்தின் சாதனைகளில் ஆரவாரமில்லாததும் பெரியதும் இதுவே.

இப்படிச் சேரும் விவரங்கள் போகும் இடங்கள் வேறுவேறு. எடையும் உயரமும் மக்கள் நல்வாழ்வுத் துறையின் பதிவேட்டுக்கு, சாப்பிட்டவர் எண்ணிக்கை சமூக நலத் துறைக்கு, ஓட்டத்தில் வந்த இடம் பள்ளிக் கல்வித் துறைக்கு. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு ரத்தசோகை என்று வகுப்பாசிரியரிடம் இருக்கும் அட்டை சொல்லும். மூச்சு வாங்குகிறது என்று அவள் பாதியில் நிற்கும்போது, விசிலோடு நிற்பவருக்கு அந்த அட்டையைப் பற்றி எதுவும் தெரியாது. சோம்பேறி என்று அவர் நினைத்துக்கொள்வார். ஒரே உடம்பு இரண்டு ஏடுகளில் இரண்டு வேறு பிள்ளைகளாக இருக்கிறது.

வகுப்பு நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு பாடவேளை நாற்பது அல்லது நாற்பத்தைந்து நிமிடம். ஐம்பது பிள்ளைகள் வகுப்பிலிருந்து வரிசையாக இறங்கி மைதானத்துக்கு வந்து, உயர வாரியாக நின்று, 'அட்டென்ஷன், ஸ்டாண்ட் அட் ஈஸ்' முடிவதற்குள் பத்து நிமிடம். உடல் சூடேற்றும் பயிற்சிக்குப் பத்து. திரும்பிப் போய்க் கைகால் கழுவித் தண்ணீர் குடிக்க ஐந்து. மிஞ்சுவது அதிகபட்சம் இருபது. ஸ்போர்ட்ஸ் ரூமின் பூட்டைத் திறந்து எடுத்துத் தரும் கைப்பந்து ஒன்று. ஓர் ஆட்டத்துக்குப் பன்னிரண்டு பேர். மற்ற முப்பத்தெட்டுப் பேர் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லைக்கோட்டுக்கு வெளியே போகும் பந்தை எடுத்துப் போடுவதே அவர்கள் பங்கு. பந்து தேய்ந்தால் கணக்குக் காட்ட வேண்டும், தொலைந்தால் கைக்காசு போட வேண்டும் என்ற பயத்தில் புதுப்பந்துகள் ஸ்டாக் ரிஜிஸ்டரில் மட்டும் துள்ளும் பள்ளிகளும் உண்டு. 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்குச் சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் உழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதை இந்த இருபது நிமிடத்தின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே ஒரு வகைக் கேலி.

பன்னிரண்டு பேர் எப்போதும் அதே பன்னிரண்டு பேர்தான். உயரமானவர்கள், ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்கள், தெருவில் அண்ணன்மாரோடு பழகியவர்கள். இதற்கு உடற்கல்வி ஆசிரியரை மட்டும் குறை சொல்ல முடியாது. அவருடைய ஆண்டு முழுவதும் போட்டிகளைச் சுற்றியே சுழல்கிறது. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று ஏணி. அதற்கு மேல் 1954-இல் அமைந்த இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டி. பதினான்கு, பதினேழு, பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவுகள், பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுகள், முதலமைச்சர் கோப்பை. தலைமையாசிரியர் அறைக் கண்ணாடி அலமாரியில் எத்தனை கோப்பை சேர்ந்தது என்பதுதான் அவருடைய தேர்ச்சி விகிதம். அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருப்பதால், ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மாநில அளவுச் சான்றிதழ் ஒரு குடும்பத்தையே தூக்கிவிடும் காகிதம். திறமையுள்ள பத்துப் பேரைத் தேடி எடுத்து, காலை ஆறு மணிக்கு வரச்சொல்லி, தன் காசில் வாழைப்பழமும் முட்டையும் வாங்கிக் கொடுத்து ஓடவைக்கும் ஆசிரியர்கள் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பு பெரிது. ஆனால் அது பயிற்சியாளரின் உழைப்பு. எல்லாப் பிள்ளைகளுக்கும் சொந்தமான அந்த இரண்டு பாடவேளை இதற்குள் எங்கோ கரைந்துவிட்டது. தமிழ்ப் பாடத்தில் நன்றாகக் கவிதை எழுதும் ஐந்து பேருக்கு மட்டும் பாடம் நடத்திவிட்டு, மற்றவர்களை மரத்தடியில் உட்காரவைத்தால் எந்த ஊரும் பொறுத்துக்கொள்ளாது.

உடற்கல்வி ஆசிரியருக்கு இன்னொரு வேலையும் எழுதாத விதியாகச் சேர்ந்திருக்கிறது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வரிசையை நிறுத்துவது, தாமதமாக வருபவர்களை வாசலில் மறிப்பது, முடி வெட்டாதவனைப் பிடிப்பது, சட்டையை உள்ளே விடாதவனை அதட்டுவது. பள்ளியின் போலீஸ் அவர். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்தபின் பிரம்பு மறைந்தது அல்லது மறைவிடத்துக்குப் போனது. அதன் இடத்தைப் பயிற்சியே பிடித்துக்கொண்டது. கிரவுண்டை நாலு ரவுண்டு ஓடு, முட்டி போடு, தவளை மாதிரி குதி, ஐம்பது தோப்புக்கரணம் போடு. பிள்ளையாருக்கு முன்னால் பக்தியாகவும், அமெரிக்காவில் மூளையைக் கூர்மையாக்கும் யோகாவாகவும் விலைபோகும் தோப்புக்கரணம் பள்ளிக்கூடத்தில் மட்டும் அவமானம். ஓட்டம் என்றால் தப்புக்குக் கூலி என்று பத்தாண்டு பழகிய உடம்பு, நாற்பது வயதில் மருத்துவர் நடக்கச் சொல்லும்போது எரிச்சலடைவதில் வியப்பில்லை. சர்க்கரை நோய்க்குப் பேர்போன மாநிலத்தில் இது சின்ன விஷயமும் அல்ல.

பெண் பிள்ளைகள் மைதானத்திலிருந்து விலகுவது ஒரே நாளில் நடப்பதில்லை. ஆறாம் வகுப்பில் ஆண்களுக்குச் சமமாக ஓடுகிறவள் எட்டாம் வகுப்பில் துப்பட்டாவைச் சரிசெய்யத் தொடங்குகிறாள். ஒன்பதாம் வகுப்பில் ஏதாவது ஒரு காரணம் சொல்லி வகுப்பிலேயே இருந்துவிடுகிறாள். உடை மாற்ற அறை இல்லை. இருபாலர் பள்ளியில் ஆசிரியர் ஆணாக இருந்தால் சொல்லவும் கூச்சம். மைதானத்தைச் சுற்றிலும் வேலி இல்லாததால் தெருவே பார்வையாளர் மாடம். வயதுக்கு வந்த பெண் குதிக்கக் கூடாது என்று வீட்டில் பாட்டி சொன்னதை, ஒரு வார்த்தையும் பேசாமல் பள்ளி நடைமுறைப்படுத்துகிறது. மருத்துவத் தடம் இங்கே சற்று முன்னால் போயிற்று. 2012-இல் வந்த புதுயுகம் திட்டம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆறு நாப்கின் கொண்ட மூன்று பொட்டலங்களை வளரிளம் பெண்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. அதுவரை பெயர் சொல்லாமல் 'அந்த மூணு நாள்' என்று இருந்தது அரசுக் கோப்பில் ஒரு திட்டமாயிற்று. ஆனால் அந்த நாட்களில் விளையாடலாமா, எந்த அளவுக்கு ஆடலாம், வலி எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டிய வலி என்பதைச் சொல்லும் பாடம் இல்லை. பொட்டலம் வந்தது, பேச்சு வரவில்லை.

நீல மாத்திரைக்கும் அதே கதிதான். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேர் ரத்தசோகையோடு இருந்தார்கள். அதற்கு முந்திய சுற்றைவிட இது அதிகம். மாத்திரையைச் சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டும், மலம் கறுக்கும். ஏன் என்று யாரும் விளக்காததால் ஜன்னலுக்கு வெளியே போய் விழும் மாத்திரைகள் ஏராளம். 2023 மார்ச்சில் ஒரு மலை மாவட்டத்துப் பள்ளியில் யார் அதிகம் விழுங்குவது என்று சிறுமிகள் போட்டி வைத்துக்கொண்டார்கள். ஒரு சிறுமி இறந்துபோனாள். மருந்து கைக்கு வந்து, மருந்தைப் பற்றிய அறிவு வராமல் போகும்போது என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

பெண்களின் உடல் உழைப்பைப் பற்றி வேடிக்கையான புள்ளிவிவரம் ஒன்று உண்டு. 2016-ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வில், 11 முதல் 17 வயதுள்ளவர்களில் உலக அளவில் 81 சதவீதம் பேருக்குப் போதிய உடல் உழைப்பு இல்லை. இந்தியச் சிறுமிகளின் நிலை பல நாடுகளைவிடச் சற்றுத் தேவலை. காரணமாக ஆய்வாளர்கள் ஊகித்தது விளையாட்டை அல்ல, வீட்டு வேலையை. குடம் சுமப்பதும் துணி துவைப்பதும் வீடு கூட்டுவதும் அவர்களைச் சுறுசுறுப்பானவர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டன. வேலையையும் விளையாட்டையும் ஒரே அளவுகோலால் அளந்தால் கிடைக்கும் ஆறுதல் இப்படித்தான் இருக்கும்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு மைதானம் கொடுத்த இடம் பெரும்பாலும் ஓரம். நீ உட்காரு என்று சொல்வது கருணை என்றே கருதப்படுகிறது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்தவர். அவரை உட்காரச் சொல்லாமல் உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். பதினான்கு வயதில் கால் நன்றாக உள்ள பிள்ளைகளோடு போட்டியிட்டு இரண்டாமிடம் வந்தார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். அந்த ஆசிரியர் செய்தது ஒரு பிள்ளையைக் கவனித்தது மட்டும்தான். அதற்கு அவருக்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவைப்படவில்லை. மற்ற ஆசிரியர்களுக்கு அப்படிக் கவனிக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியும் பெரிதாக இல்லை.

ஆசிரியர் இருந்தால்தானே கவனிப்பு. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளிக்கு ஓவியம், உடல்நலமும் உடற்கல்வியும், தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் வேண்டும் என்கிறது. பகுதிநேரம் என்ற சொல்லைச் சட்டமே போட்டுக் கொடுத்துவிட்டது. தமிழ்நாட்டில் 2012-இல் இப்படி 16,549 பேர், மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில், வாரம் மூன்று அரை நாள் என்று நியமிக்கப்பட்டார்கள். மே மாதம் ஊதியம் இருக்கவில்லை. தொகை படிப்படியாகக் கூடி 12,500 ரூபாய்க்கு வந்தது. பணி நிரந்தரம் கேட்டு, பள்ளிக் கல்வித் துறையின் தலைமையிடமான டி.பி.ஐ. வளாகத்தில் அவர்கள் உட்காராத ஆண்டு குறைவு. நாற்பதைக் கடந்தவர்கள் அரை நாள் பள்ளியில் விசில் ஊதிவிட்டு, மீதி அரை நாள் பெயின்ட் அடிக்கவும் ஆட்டோ ஓட்டவும் போகிறார்கள். சமக்ர சிக்ஷா திட்டம் விளையாட்டுப் பொருட்களுக்கென்று தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000, நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 ரூபாய்வரை தருகிறது. ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் மேல்நிலைப் பள்ளியில் இது தலைக்கு 25 ரூபாய், ஒரு வருடத்துக்கு.

வகுப்பறைக்குள் உடல்நலம் அறிவியல் புத்தகத்தின் ஒரு பாடம். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண், சி குறைந்தால் ஸ்கர்வி, டி குறைந்தால் ரிக்கெட்ஸ். தேர்வில் 'பொருத்துக' பகுதியில் நான்கு மதிப்பெண். பள்ளி வாசலில் மாங்காய்க் கீற்றும் தேன்மிட்டாயும் விற்ற பாட்டியின் இடத்தைப் பாக்கெட் சிப்ஸ் தொங்கும் பெட்டிக்கடை பிடித்து வெகு காலமாகிறது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. ஐம்பது மீட்டர் என்பது பத்து வயதுப் பிள்ளைக்குப் பத்து விநாடி ஓட்டம். அந்த ஓட்டத்தில் யாரும் மூச்சு வாங்குவதில்லை.

இரண்டு தடங்களையும் சேர்க்கும் முயற்சிகள் அண்மையில் தொடங்கியிருக்கின்றன. 2020 பிப்ரவரியில் வந்த ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களை நலத் தூதர்களாக்கி, வாரம் ஒரு மணி நேரம், பதினொரு தலைப்புகளில் பேசச் சொல்கிறது. உணவு, மனநலம், போதைப் பழக்கம், வளரிளம் பருவம் எல்லாம் அந்தப் பதினொன்றுக்குள் உண்டு. ஆசிரியர் அறையில் இது இன்னொரு பதிவேடாகவே பார்க்கப்படுகிறது. அந்த ஒரு மணி நேரத்துக்கான இடம் அட்டவணையில் எங்கிருந்து வரும் என்பதும் ஊகிக்கக்கூடியதே. கடன் கொடுக்கப் பழகிய கட்டம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறதல்லவா.

இன்னொரு முயற்சி, 2019-இல் தொடங்கிய ஃபிட் இந்தியா இயக்கத்தின் கைப்பேசிச் செயலி. எடையும் உயரமும் ஓட்டமும் முதன்முறையாக ஒரே திரைக்கு வந்திருக்கின்றன. பெரிய பிள்ளைகளுக்கு 50 மீட்டர், 600 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்து முன்னால் குனிதல், தண்டால். 5 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கு உடல் நிறைக் குறியீடு, கையால் வட்டுகளை மாறி மாறித் தட்டுதல், ஒற்றைக் காலில் நிற்றல். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓடவும் தாவவும் எறியவும் உடம்பு கற்றுக்கொள்ளும் அந்த வயதில், ஒன்று முதல் ஐந்து வகுப்புவரை உள்ள தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடமே கிடையாது. சிறிய பள்ளிகளில் இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் பார்க்கிறார்கள். ஆகவே வருகைப் பதிவு, காலை உணவுக் கணக்கு, 'எண்ணும் எழுத்தும்' திட்ட மதிப்பீடு ஆகியவற்றைப் பதிவேற்றிய பிறகு, ஒன்றாம் வகுப்பு டீச்சரே பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒற்றைக் காலில் நிறுத்துகிறார். ஒரு நிமிடத்துக்குள் எத்தனை முறை கால் தரையில் பட்டது என்பதைச் செயலி கேட்கிறது. தன் முறைக்குக் காத்திருக்கும் மற்ற பிள்ளைகள் வராந்தாவில் கரித்துண்டால் கட்டம் போட்டு, ஓட்டாஞ்சில்லை எறிந்து, அதே ஒற்றைக் காலில் எட்டுக் கட்டமும் நொண்டித் தாண்டிப் பழம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். டீச்சர் திரும்பிப் பார்த்து, சத்தம் போடாமல் உட்காருங்கள் என்கிறார்.